பெரிய கல்லைக் கொட்டினால் மண் நின்றுவிடுமா?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு தடவையாவது போயிருந்தால் அந்தக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். கடல் ஊரைத் தின்னாமல் இருக்கக் கொட்டி வைத்த கருங்கல் பாறைகள், சிலது அரை ஆட்டோ பருமன் இருக்கும். போன ஐப்பசியில் அங்கே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது என்கூட வந்த தம்பி கேட்டார்: "ஏண்ணா, கடலையே இந்தக் கல்லு நிறுத்துதுன்னா, எங்க ஊர் சயனைடு மேட்டு மேல நாலு லோடு கொட்டிட்டா மண்ணு பறக்காது, கரையாது இல்ல?" அவருக்குச் சொந்த ஊர் மாரிக்குப்பம், அதாவது கோலார் தங்கவயல். பிழைப்பு அம்பத்தூரில். நான் கட்டட அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனை செய்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார், நானும் டீயை உறிஞ்சிக்கொண்டே "தாராளமா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, பாதி தப்பாகச் சொல்லியிருக்கிறோம் என்று.

சரி, முதலில் அந்த மேடு என்ன என்று பார்த்துவிடலாம். தங்கப் பாறை ஒரு டன்னில் சில கிராம்தான் தங்கம். அதை எடுக்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்துவிட்டால் மிச்சம் மொத்தமும் கழிவு. தண்ணீரோடு குழம்பாக வெளியே தள்ளிக் காயவிடுகிற இந்தப் பொடியைத்தான் டெய்லிங்ஸ் என்கிறார்கள். தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது, ஆனால் 13 மேடுகளாக மூன்று கோடி டன்னுக்கு மேல் இந்தப் பொடி இன்னும் ஊருக்கு நடுவே நிற்கிறது. சயனைடு மேடு என்று பெயர்தான் மிரட்டுகிறதே தவிர, வெயிலிலும் காற்றிலும் சயனைடில் பெரும்பகுதி காலப்போக்கில் சிதைந்துவிடும். சிதையாமல் கிடப்பது அந்தப் பொடி.

கழிவுக் கல் என்பது வேறு. தாதுவை எட்டுவதற்காக வெடி வைத்து உடைத்து ஓரமாகக் கொட்டுகிற, காசு பெறாத பாறை அது. திறந்தவெளிச் சுரங்கமென்றால் ஒரு டன் தாதுவுக்கு இரண்டு, மூன்று, சில இடத்தில் ஐந்து டன் கூடக் கழிவுக் கல் வரும். நிலத்தடிச் சுரங்கத்தில் இவ்வளவு வராது. ஆக, ஒரே சுரங்கத்தில் ஒரு பக்கம் மாவு மலை, இன்னொரு பக்கம் கல் மலை. இதை எடுத்து அதன்மேல் போர்த்தினால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரும், உலகத்தில் நிறைய இடங்களில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். எப்படிப் போர்த்துவது என்பதில்தான் சிக்கல்.

மழை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் நினைப்பதுபோல மண்ணை ஓடும் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. 5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு துளி தரையில் விழும்போது அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். விழுந்த இடத்தில் ஒரு குழி பறித்து, துகள்களைத் தூக்கி எறிகிறது. சரிவில் இப்படி எறியப்பட்டது மேட்டுப் பக்கத்தைவிடப் பள்ளத்துப் பக்கம்தான் அதிகம் போய் விழும். அதற்கப்புறம்தான் மெல்லிய ஓட்டம், அது கோடு கோடாகக் கீறும், கீறல்கள் ஒன்றுசேர்ந்து ஆள் இறங்கி நிற்கிற பள்ளமாகும். சாதாரணத் தோட்ட மண்ணில் களிமண், மட்கு, வேர் எல்லாம் சேர்ந்து துகள்களைப் பிடித்துவைக்கும். டெய்லிங்ஸில் அதெல்லாம் கிடையாது, ஒன்றோடொன்று ஒட்டாத வெறும் கல்மாவு. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்க மேடுகளைப் பல வருஷம் அளந்த ஜெஃப்ரி பிளைட் என்ற பொறியாளரின் கணக்கில், சரிவுகளிலிருந்து ஹெக்டேருக்கு வருஷம் 500 டன் வரை போயிருக்கிறது. சரிவு முழுக்க மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் தோலை உரித்ததற்குச் சமம். விவசாய நிலத்தில் ஹெக்டேருக்கு 11 டன் போனாலே ஜாஸ்தி என்பது பொதுவான அளவுகோல்.

தம்பிக்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டுமே என்று மொட்டை மாடியில் ஒரு சின்ன வேலை பார்த்தேன். பழைய பிளைவுட் பலகை மூன்றை எடுத்து, ஓரத்தில் ரீப்பர் அடித்து, ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தூக்கி, ஏறத்தாழ 20 டிகிரி சரிவாக்கினேன். மூன்றிலும் சலித்த கிரஷர் தூளை அரை அடிக்குக் கெட்டித்துப் போட்டேன் (சலித்தது அம்மாவின் மாவுச் சல்லடையில், அந்தக் கதை வேண்டாம்). முதல் பலகையை அப்படியே விட்டேன். இரண்டாவதில் கழுவின ஒன்றரை இன்ச் ஜல்லியை இடைவெளி தெரியாமல் அடுக்கினேன், நம்ம காசிமேட்டுக் கடற்கரையின் குட்டி வடிவம். மூன்றாவதில் ஜல்லி, சிப்ஸ் என்கிற பொடிக்கல், தூள், கொஞ்சம் செம்மண் கிராவல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். பார்க்க மூன்றாவதுதான் அசிங்கம்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி நல்ல மழை. காலையில் முதல் பலகை எதிர்பார்த்த மாதிரியே, மேல் பாதி முழுக்க அம்மைத் தழும்பு, கீழ் பாதியில் விரல் அகலத்துக்கு வாய்க்கால்கள், அடியில் விசிறி விரித்ததுபோல் தூள். ஒரு சின்ன விஷயம் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. தவறி விழுந்த நாலைந்து சிப்ஸ் கல் அங்கங்கே கிடந்ததல்லவா, ஒவ்வொன்றும் ஒரு சின்ன மண்தூண் மேல் தொப்பி போல உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் மண் போய்விட்டது, கல்லுக்கு நேர் கீழே மட்டும் அப்படியே நிற்கிறது. கல் செய்கிற முதல் வேலை அதுதான், துளிக்குக் குடை.

இரண்டாவது பலகை மேலே பார்த்தால் சுத்தமாக, அடுக்கினது அடுக்கினபடி இருந்தது. அடியில் மட்டும் ஏகப்பட்ட தூள் குவிந்திருக்கிறது, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நடுவில் ஒரு ஜல்லியைத் தூக்கினேன், கீழே எலி வளை மாதிரி ஒரு பொந்து. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் கல்லுக்கு அடியிலேயே ஒரு வாய்க்கால் ஓடியிருக்கிறது. இன்னும் இரண்டு மழை பெய்திருந்தால் கற்கள் உள்ளே சரிந்திருக்கும். மூன்றாவதில் மேலே இருந்த நைஸ் தூள் போய், மழை விட்ட மறுநாள் கிராவல் ரோடு பல்லிளித்துக் கிடப்பதுபோல கல் துருத்திக்கொண்டிருந்தது, அடியில் சேர்ந்தது ஒரு கைப்பிடி. அடுத்த மழைக்கு அதுவும் இல்லை. மேலாக இருந்த பொடி கழுவப்பட்டுப் போனதும் மிச்சக் கல்லே ஒரு கவசமாகிவிட்டது, கீழே இருக்கும் கலவை அதைத் தாண்டி வெளியே வர வழியில்லை.

இரண்டாவது ஏன் தோற்றது என்பதற்கு மண் பொறியியலின் தந்தை என்று சொல்லப்படும் கார்ல் டெர்ஸாகி காலத்து விதி ஒன்று இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், கீழ்ப் படுகையில் இருக்கும் பருமனான துகளைப்போல நாலைந்து மடங்குக்குள் அடங்குகிற சின்னத் துகள், மேல் படுகையில் ஏழில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் மேல் படுகையின் சந்துகள் கீழே இருப்பதை நழுவ விடாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். டெய்லிங்ஸில் பருமனான துகள் என்பதே 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே போடுவதில் ஏழில் ஒரு பங்கு அரை மில்லிமீட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும், அதாவது நைஸ் மணல். கழுவின ஜல்லியில் அது எங்கே இருக்கிறது? ரயில்வேக்காரர்களுக்கு இது தலைவலியாகப் பழக்கப்பட்ட விஷயம், தண்டவாளத்து ஜல்லியை நேராகக் களிமண்மேல் கொட்டினால் ரயில் போகப் போகச் சேறு மேலே பிதுங்கி வரும் என்பதால் நடுவில் ஒரு தனிப் படுகை போடுகிறார்கள். ஒழுங்காகக் கட்டின கடல் தடுப்பிலும் பெரிய பாறைக்கு அடியில் சின்னக் கல் படுகையோ வடிகட்டித் துணியோ இருக்கும். நமக்கு மேலே இருக்கிற பாறைதான் கண்ணில் படுகிறது, தம்பியும் நானும் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தோம்.

அதனால் சுரங்கத்துக் கழிவுக் கல்லின் அருமை அதன் பெரிய கல்லில் இல்லை. வெடி வைத்து உடைத்தது ஒரே சைஸில் வராது, ஆள் உயரப் பாறையிலிருந்து பவுடர் வரை எல்லாம் கலந்திருக்கும். அந்த ஆள் உயரப் பாறைகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கலவையாகவே போர்த்தினால் ரோடு போடுகிறவர்கள் வெட்மிக்ஸ் என்று சொல்லும் ஈர ஜல்லிக் கலவை போல ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். "பார்க்க நல்லா இருக்கணும்" என்று சலித்து, சுத்தமான கல்லை மட்டும் பரப்புவதுதான் காசையும் செலவழித்து வேலையையும் கெடுத்துக்கொள்ளும் வழி. டிப்பரில் கொட்டும்போது கூடக் கவனம் வேண்டும். உச்சியிலிருந்து சரித்துவிட்டால் பெரிய கல்லெல்லாம் உருண்டு அடிவாரத்துக்குப் போய்விடும், தூள் மேலேயே தங்கிவிடும், கலந்து வந்ததை நாமே பிரித்துக் கொடுத்தது போலாகும்.

எவ்வளவு கல் வேண்டும்? தரையை முழுக்க மறைக்கத் தேவையில்லை என்பது நல்ல செய்தி. மேற்பரப்பில் பாதியைக் கல் மறைத்தாலே அரிப்பு பொதுவாக முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும், அதற்கப்புறம் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு லோடுக்கும் பலன் குறைந்துகொண்டே வரும். காற்றுக்கும் இதே கதைதான், துருத்தி நிற்கும் கல் தரையொட்டிய காற்றின் வேகத்தை உடைத்துவிடும். ஆனால் கனம் வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு 30 சென்டிமீட்டர் கனமென்றால் 3,000 கன மீட்டர், நம்ம கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) 1,060 யூனிட், மூன்று யூனிட் லாரியில் 350 நடை. ஒரே ஒரு ஹெக்டேருக்கு. என் மூன்றாவது பலகைக்காகப் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு ஜல்லி யார்டில் "எல்லாம் கலந்த கழிவு கொஞ்சம் வேணும்" என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்: "அது வேஸ்ட்டு சார், காசெல்லாம் வேணாம், வண்டி வாடகை மட்டும் குடுத்துடுங்க." சுரங்கக் கணக்கும் அப்படியே, கல் சும்மா, டீசல் சும்மா இல்லை. அதனால்தான் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எப்படியும் கல்லை ஏற்றிக்கொண்டு லாரி போகிற நாளிலேயே, குப்பையாகக் கொட்டுகிற இடத்துக்குப் பதில் மேட்டின் சரிவுக்குத் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். மூடி இருபது வருஷம் கழித்து இதற்கென்று தனியாக வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாது.

அடுத்து, எந்தக் கல் என்பது. சென்னைக்காரர்கள் இதில் கொஞ்சம் கெட்டுப்போனவர்கள், ஏனென்றால் நமக்குத் தெரிந்த கல் பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் கருங்கல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் சமாதியில் வைத்திருப்பதும் இந்த ரகம்தான், அதை வைத்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இதற்குச் சார்னக்கைட் என்று பெயர் சூட்டினார். அந்தச் சமாதிக் கல் முந்நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது, நாமும் கல் என்றால் எல்லாம் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். களிமண் இறுகி உண்டான மென்களிப்பாறை ரகத்தை ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் வெளியே போட்டுப் பாருங்கள், பிஸ்கட் மாதிரி உதிர்ந்து மறுபடி மண்ணாகிவிடும். நனைத்துக் காயவைத்துச் சுழலும் பீப்பாயில் போட்டு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிற சோதனை இதற்காகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து லேக்வியூவில் யுரேனியக் கழிவின்மேல் போட்ட எரிமலைக் கல்லே எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உடைந்ததால், கல்லின் பருமனைத் தொடர்ந்து அளக்க வேண்டியதாயிற்று.

உடைவதைவிட மோசமானது ஒன்று உண்டு. முட்டாள் தங்கம் என்று சொல்கிற பைரைட், பித்தளை மாதிரி மின்னும் கந்தக இரும்புத் தாது, கழிவுக் கல்லில் கலந்திருந்தால் காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலம் ஊறும். மலைமேல் போர்வை போடுகிறோம் என்று அமிலம் சொட்டும் போர்வையைப் போட்டதாகிவிடும், புல் பூண்டு முளைக்காது, கீழே ஓடுகிற ஓடை துருப்பிடித்த நிறத்துக்கு மாறும். கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. அமிலம் உண்டாக்குவது எவ்வளவு, அதை அடக்கும் சுண்ணாம்பு வகைத் தாது எவ்வளவு என்று ஆய்வகத்தில் கணக்குப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் மாதக் கணக்கில் ஈரக் காற்றில் வைத்துச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் பொறுமை இல்லாதவர்கள் கல் போர்த்தாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

"அதற்குப் பதில் புல்லை வளர்த்துவிட்டால் போகிறது" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும் ஊரில் சரி. நம்ம பக்கம் மாசக்கணக்கில் காய்ந்து, புல்லெல்லாம் கருகி, தரை வழுக்கையாக இருக்கும் நேரத்தில்தான் முதல் பெருமழை வந்து அடிக்கிறது. கல் கருகாது. இரண்டையும் எதிரியாக நிறுத்தவும் வேண்டியதில்லை, கலவைப் போர்வையில் கல்லின் நிழலில் ஈரம் நிற்கிறது, காற்றில் வரும் விதை சந்தில் மாட்டிக்கொள்கிறது. என் மூன்றாவது பலகையில் நான் எதையும் விதைக்கவில்லை, மார்கழிக்குள் குப்பைமேனி ஏழெட்டு முளைத்துவிட்டது.

ஆனால் அந்த ஈரத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. வழுக்கைச் சரிவில் மழை பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும், கல் போர்த்தினால் வேகம் குறைந்து உள்ளே இறங்கும். மேட்டுக்குள் தண்ணீர் ஏறினால் அடியில் கசிவு கூடும், சரிவின் பலம் குறையும். அரிப்பை நிறுத்தப் போய்ச் சரிவையே சாய்த்துவிடக் கூடாது. அமெரிக்க யுரேனியக் கழிவு மேடுகளில் கல் போர்வைக்குக் கீழே ஈரம் தங்கியதால், யாரும் எதிர்பார்க்காத ஆழ வேர்ச் செடிகள் கல் சந்தில் வளர்ந்து, அடியில் போட்டிருந்த களிமண் தடுப்பைத் துளைத்த கதை பென்சில்வேனியாவின் பரல் என்ற இடத்தில் நடந்தது. ஆயிரம் வருஷம், குறைந்தது 200 வருஷம் தாங்க வேண்டும் என்று விதி எழுதிக் கட்டிய போர்வைகள் அவை.

சரிவின் உருவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கல்லின்மேல் பழி வந்துவிடும். படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் தண்ணீரைத் தேக்கி ஓரமாகத் திருப்புவது பார்க்க அழகாக இருக்கும். மொட்டை மாடியில் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறதோ அதுதான் அங்கேயும். படி எங்கேயோ நாலு அங்குலம் அமிழ்ந்திருக்கும், அந்தப் படியின் தண்ணீர் மொத்தமும் அந்த ஒரு இடத்தில் வழியும், அதற்கு நேர் கீழே பெரும் பள்ளம் பறிக்கும், எந்தக் கல்லும் தாங்காது. மலைகளைப் பாருங்கள், மேலே செங்குத்து, அடிவாரம் நெருங்க நெருங்கக் குழிந்து தட்டையாகும். தண்ணீர் சேரச் சேரச் சரிவு குறைகிற அந்த உருவத்துக்குக் கழிவு மேட்டையும் கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கத்தில் கழிவு 10,000 வருஷத்துக்கு வெளியே வரக் கூடாது என்பது நிபந்தனை. அங்கே அரைத்த கழிவைத் தோண்டிய குழிகளுக்குள்ளேயே இறக்கி, மேலே கழிவுக் கல்லால் நில உருவம் அமைக்கிறார்கள். அதற்கு முன் கழிவுக் கல்லிலேயே ஒரு சோதனை நிலத்தைக் கட்டி, ஒவ்வொரு மழைக்கும் எவ்வளவு மண் வருகிறதென்று வருஷக் கணக்கில் அளந்தார்கள்.

அளவு என்று வரும்போது சராசரி மழையை நம்பி உட்கார முடியாது. சென்னையின் வருஷ மழை 140 சென்டிமீட்டர் சுமார், அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 49 சென்டிமீட்டர், 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் கொட்டியது. கல்லின் பருமனை அந்த நாளுக்குத்தான் முடிவு செய்ய வேண்டும். இது தங்கவயலுக்கு மட்டுமான கவலையும் இல்லை. எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் குளங்களும் குணத்தில் டெய்லிங்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான், அதே நைஸ் பொடி, அதே குழம்பு. அங்கே சுரங்கம் கிடையாது, ஆனால் சுற்று வட்டாரத்துக் கல்குவாரிகளில் யாரும் வாங்காத கலவைக் கழிவு கிடக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். கூடவே ஒரு விஷயமும் சொல்ல வேண்டியிருந்தது: அந்த 13 மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024-இல் சம்மதம் தெரிவித்திருக்கிறது. மறுபடி அரைக்கப்போகிற பொடியில் இப்போது கல்லைக் கலந்துவைத்தால் நாளைக்கு ஆலைக்கு அது தொல்லை. எடுத்து முடித்த பிறகு வரும் புதுப் பொடி இன்னும் நைஸாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு முதல் நாளிலிருந்தே போர்வை வேண்டும். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அதெல்லாம் சரிண்ணா, அதுவரைக்கும் ஆடிக் காத்து காத்திருக்குமா?"

காத்திருக்காதுதான். அதனால் என் யோசனை, எல்லா மேட்டுக்கும் வேண்டாம், தென்மேற்குக் காற்று நேராக அறைகிற முகத்துக்கும் வீடுகளை ஒட்டிய அடிவாரத்துக்கும் மட்டும், பொக்லைன் வைத்துச் சுரண்டி எடுத்துவிடக்கூடிய கனத்தில், ஒரு சாண் கலவைக் கிராவல். அது எத்தனை யூனிட் வரும் என்று கேட்டார். மேட்டின் அளவு தெரியாமல் சொல்ல முடியாது என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்.